பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூணு மாசம் ஆகிறது. வருடக் கணக்கு முடிப்பு, அது முடிந்ததும் ஆடிட், நடுவில் வழக்கம் போல ஆபீசில் ஏகப்பட்ட ஆணி. இதெல்லாம் காரணம் என்று சொன்னால் நீங்கள் நம்பி விடுவீர்கள். ஆனால் பொய் சொல்ல மனசு வரவில்லை. எழுத நேரம் இருந்தது. எழுதியதை யார் கண்ணிலாவது படவைக்க முடியுமா என்று ஒரு ப்ளக்இன்னோடு மல்லுக்கட்டியதில் அந்த நேரம் எல்லாம் போய்விட்டது.

இன்றைக்கு அந்தக் கதையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாக்பூர் வெயில் தெரியும் அல்லவா, காலை பத்து மணிக்கே தெருவில் நாய்கூட இருக்காது. கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து சித்தி பையன் போன்.

"அண்ணே, ஒருத்தருக்கு 2,500 ரூவா போன்ல அனுப்பலாமா? உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாம்னு..."

"யாருக்குடா? எதுக்கு?"

"அப்பா டிரங்குப் பெட்டியில ஒரு பழைய டெபாசிட் ரசீது கெடந்துச்சுண்ணே. 2009ல போட்டது. மூணு வருஷ டெபாசிட்டு. அந்த பேங்க்கே இப்ப இல்ல. பத்து வருஷம் கேக்காம விட்டா ரிசர்வ் பேங்க் எடுத்துக்கிரும்னு வேற சொல்றாங்க. நெட்ல தேடுனேன். ஒருத்தர் கண்டுபிடிச்சு வாங்கித் தர்றேங்காரு. முதல்ல 2,500 கட்டணுமாம்."

"ஒத்தப் பைசா அனுப்பாத. போனை வச்சிராத, நான் சொல்றதக் கேளு."

விவரத்தைச் சொன்னேன். உங்களுக்கும் உதவும், அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். டெபாசிட் முதிர்ந்து பத்து வருஷம் யாரும் கேட்காவிட்டால் அந்தப் பணம் ரிசர்வ் பேங்க்கின் ஒரு தனி நிதிக்குப் போகும். 2014ல் ஏற்படுத்திய நிதி அது. போனாலும் பணம் முழுகிப் போகாது. உரியவரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் அந்த பேங்க்கிலேயே கேட்டு வாங்கலாம். பேங்க் வேறொன்றோடு இணைந்துவிட்டிருந்தால், இணைத்துக்கொண்ட பேங்க்தான் பொறுப்பு. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பல பொதுத்துறை வங்கிகள் இணைந்தபோது பெயர்ப்பலகைதான் போனது, கடமை போகவில்லை. எந்த பேங்க் என்றே தெரியாதவர்களுக்காக ரிசர்வ் பேங்க் 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்று ஒரு தளம் திறந்தது. மொபைல் நம்பரைப் பதிவு செய்துகொண்டு, பெயரோடு பான் நம்பரோ பிறந்த தேதியோ ஏதாவது ஒரு விவரம் கொடுத்துத் தேடலாம். 2024 மார்ச்சிலேயே 30 வங்கிகள் அதில் வந்துவிட்டன. கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் தொகையில் சுமார் 90 சதவீதம் இந்த 30 வங்கிகளில்தான் இருக்கிறது. தேடுவதற்கு ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது.

"இதையெல்லாம் நான் 2023 செப்டம்பர்லயே விலாவாரியா எழுதியிருக்கேனேடா. படிக்கலையா?"

"எங்கண்ணே எழுதுனீங்க? நான் தேடுனப்ப வரலியே!"

மக்களே, இந்த ஒரு வரிதான். அவன் போனை வைத்ததும் உட்கார்ந்து தேடினேன். என் பதிவின் தலைப்பை அப்படியே போட்டேன். வரவில்லை. என் தளத்தின் பெயரைப் போட்டேன். வரவில்லை. 212 பதிவுகள். நாலு வருஷ சனி ஞாயிறு. தேடுபொறியைப் பொறுத்தவரை நான் பிறக்கவே இல்லை.

இத்தனை நாள் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனிக்கவில்லை. ஹிட் கவுண்ட்டரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற வயசு போய்விட்டது. உங்களைப் போல வழி தெரிந்து வருகிற நாற்பது ஐம்பது பேர் வந்து பின்னூட்டம் போட்டதில் ஊரே வருகிறது என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே இல்லை. பதிவைப் போட்டால் தமிழ்மணத்தில் வரும், தேன்கூட்டில் வரும். பக்கத்துப் பட்டையில் ஒருவர் பெயரை இன்னொருவர் போட்டு வைத்திருப்போம். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பத்து வீட்டுக்கு வழி இருக்கும். கும்மி அடித்தாலும் சண்டை போட்டாலும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். திரட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. பக்கத்துப் பட்டையும் போனது. இப்போது வெளியாள் உள்ளே வர ஒரே வாசல்தான், தேடுபொறி. அந்த வாசலில் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று நிற்கிறவர்கள்தான் இந்த ப்ளக்இன் ஆசாமிகள்.

தேடுபொறியின் இண்டெக்ஸ் என்றால் என்ன? பழைய கால பேங்க் லெட்ஜர் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். லெட்ஜரின் முன்பக்கத்தில் அகர வரிசையில் பெயர் எழுதி, எதிரே பக்க எண் போட்டிருப்போம். கவுண்டரில் ஆள் வந்து நின்றால் கிளார்க் அந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார். கணக்கு உள்ளே பத்திரமாக இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லை என்றால் "உங்களுக்குக் கணக்கே இல்லையே" என்றுதான் பதில் வரும். தேடுபொறியும் அப்படித்தான். நாம் தேடும்போது அது உலகத்தைத் தேடுவதில்லை. தான் எழுதி வைத்திருக்கிற பட்டியலைத்தான் தேடுகிறது.

சரி, பெயரைப் பட்டியலில் ஏற்றுவோம் என்று ஒரு நண்பர் சொன்ன ப்ளக்இன்னைப் போட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். விளம்பரமும் வேண்டாம், வக்கீல் நோட்டீசும் வேண்டாம்.

முதல் சனிக்கிழமை. ரெண்டாவது சனி, பேங்க் லீவு. போட்டவுடன் பதினோரு படி உள்ள ஒரு வழிகாட்டி வந்து நின்றது. நீங்கள் தனிநபரா நிறுவனமா? லோகோ எங்கே? இமெயில் கொடுக்க முடியுமா? நடுநடுவே மூன்று இடத்தில் 'இது வேண்டுமென்றால் பணம் கட்டின பதிப்புக்கு வாருங்கள்'. கேஒய்சிக்கு நாங்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை.

அடுத்தது, தளம் என்னுடையதுதான் என்று தேடுபொறிக்கு நிரூபிக்க வேண்டும். கூகுளின் சர்ச் கன்சோலில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று முழு டொமைனையும் பதிவது, இன்னொன்று ஒரு முகவரியை மட்டும் பதிவது. இரண்டாவதில் முன்னால் மூணு டபிள்யூ இருந்தால் ஒரு ஆள், இல்லாவிட்டால் வேறு ஆள். ஹெச்டிடிபி ஒரு ஆள், எஸ் சேர்ந்தால் வேறு ஆள். ஒரே கந்தசாமி நாலு இனிஷியலில் நாலு கணக்கு வைத்திருக்கிற மாதிரி. ப்ளக்இன் ஒரு முகவரிக்குச் சான்று வாங்கி, வேறொரு முகவரியில் பட்டியலைக் கொடுத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சனி, ஒரு ஞாயிறு.

அப்புறம் சைட்மேப். நம் தளத்தில் என்னென்ன பக்கம் இருக்கிறது என்று தேடுபொறிக்கு எழுதிக் கொடுக்கும் ஜாபிதா. கூகுள் 2005ல் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஒத்துக்கொண்டன. ஒரு ஜாபிதாவில் 50,000 முகவரி வரை எழுதலாம். என்னுடையது வெறும் 212. இதற்கு ப்ளக்இன்னே தேவையில்லை. வேர்ட்பிரஸ்ஸில் 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து அதுவே ஒரு ஜாபிதாவைத் தானாகத் தருகிறது. இந்த விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ப்ளக்இன் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? உள்ளே வந்ததும் அது செய்த முதல் வேலை, அந்த இலவச ஜாபிதாவை மூடிவிட்டுத் தன்னுடையதைத் திறந்ததுதான்.

அதுவும் திறக்கவில்லை. முதல் வரியிலேயே பிழை என்று வந்தது. இந்த ஜாபிதா எழுதப்படும் எக்ஸ்எம்எல் முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. அறிவிப்பு வரி கோப்பின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு இடைவெளிகூட இருக்கக் கூடாது. எனக்கோ தளத்தின் தீம் கோப்பு ஒன்றில், எப்போதோ நான் எதையோ ஒட்டியபோது விழுந்த ஒரு காலி வரி, ஜாபிதாவின் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு காலி வரி! பி.காம் படித்தவன், ஒரு பைசா வித்தியாசத்துக்கு ராத்திரி பத்து மணி வரை கணக்கு முடிக்காமல் உட்கார்ந்திருக்கிற ஜாதி, அதனால் இதில் எனக்குக் கோபம் இல்லை. தப்பு என் தப்பு. ஆனால் 'சைட்மேப் தயார்' என்று ஒரு பச்சை விளக்கைப் போட்டுவிட்டு, அந்த சைட்மேப் திறக்கிறதா என்று ஒருதரம்கூடத் திறந்து பார்க்காத சூப்பர்வைசரை நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் மெமோ கொடுப்பேன்.

இனிமேல்தான் உண்மையான வயிற்றெரிச்சல். பதிவு எழுதும் பக்கத்தின் ஓரத்தில் ப்ளக்இன் மார்க் போடும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. என் டெபாசிட் பதிவுக்குச் சிவப்பு. ஏன்? 'டெபாசிட்' என்பதுதான் முக்கியச் சொல் என்று கொடுத்திருந்தேன். அந்தச் சொல் பதிவில் இரண்டே தரம்தான் இருக்கிறதாம். மக்களே, நாற்பது தரத்துக்கு மேல் இருக்கிறது. டெபாசிட்டை, டெபாசிட்டுக்கு, டெபாசிட்டில், டெபாசிட்டின் என்று. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். இந்த ஆசிரியருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்பதை இங்கே எதிர்பார்க்கிறது.

அடுத்த மார்க், படிக்க எளிதா என்று. இதற்கு அடிப்படை ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் 1948ல் ஆங்கிலத்துக்காகப் போட்ட சூத்திரம். வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று எண்ணுவது. ஆங்கிலத்தில் நாலு சொல்லாகப் பிரிவதைத் தமிழ் ஒரே சொல்லாகச் சொல்லும். 'கேட்கவேண்டியவர்களுக்கு' என்று எழுதினால் அது பாவம் மயங்கியே விழுந்துவிடும். கோவில்பட்டியில் எட்டாவது படித்த என் சித்திக்குப் புரிந்த பதிவு, இதன் கணக்கில் 'மிகக் கடினம்'.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதற்கு ஆடவும் செய்தேன். ஒரு ராத்திரி உட்கார்ந்து பதிவையே மாற்றினேன். 'டெபாசிட் தேடுவது எப்படி? டெபாசிட் தேட முதலில் டெபாசிட் விவரம் வேண்டும். டெபாசிட் விவரம் இருந்தால் டெபாசிட் கிடைக்கும்.' பச்சை விளக்கு எரிந்தது! தங்கமணி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதை நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா, ஏன்?"

"இல்ல, உங்க ஆபீஸ் சர்க்குலரை யாரோ தமிழ்ல போட்ட மாதிரி இருக்கு."

அவ்வ்வ்வ்... பழையபடி மாற்றிவிட்டேன். விளக்கு சிவப்பானது. இத்தனைக்கும் அந்த மார்க், ப்ளக்இன் எழுதியவர் போட்டுக்கொண்ட மார்க். தேடுபொறி அதைப் பார்ப்பதே இல்லை. டியூஷன் சென்டர் வைக்கிற பரீட்சை மாதிரி. அதில் நூறு வாங்கினாலும் போர்டு பரீட்சையில் அதைச் சேர்க்க மாட்டார்கள்.

பதிவின் முகவரியில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தலைப்பு: 'அப்பாவின் பழைய டெபாசிட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?' வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து முகவரியை உண்டாக்கும், அதற்கு 200 இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம் போதும். தமிழ் யூனிகோடில் ஒரு குறிக்கு மூன்று பைட். அதை முகவரிக்கு ஏற்றபடி விழுக்காட்டுக் குறி போட்டு மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இடம். 'டெ' என்பது இரண்டு குறி, ஆகப் பதினெட்டு. மொத்தத்தில் தமிழனுக்கு 22 குறிக்குள் கதையை முடிக்க வேண்டும். என் பதிவின் முகவரி இப்படி நின்றது: 'அப்பாவின்-பழைய-டெபாசிட்ட'. அவ்வளவுதான். 'கண்டுபிடிப்பது எப்படி' என்பதையே காணோம் :-)

இது வேர்ட்பிரஸ் வேண்டுமென்று செய்த சதி இல்லை, பழைய அளவுகோல். ஆனால் ப்ளக்இன் என்ன சொன்னது தெரியுமா? 'உங்கள் முகவரி மிக நீளம், சுருக்குங்கள்.' சிவப்பு. ஏற்கெனவே கழுத்தை வெட்டிப் போட்டிருக்கிறது, இன்னும் சுருக்கு என்றால் ஆங்கிலத்தில் எழுது என்று அர்த்தம். வேறு வழியில்லாமல் எழுதினேன். தமிழ்ப் பதிவுக்கு ஆங்கில எழுத்தில் விலாசம்.

மூன்றாவது வாரம் கடை விரித்தது. 'உடனடி இண்டெக்ஸிங்'. பணம் கட்டினால் பதிவு போட்ட நிமிஷமே தேடுபொறிக்குச் செய்தி போகுமாம். நானும் கட்டினேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், தங்கமணி இந்தப் பதிவைப் படிப்பாள். கட்டிய பிறகு, கூகுளின் கிளவுட் பக்கத்தில் போய் ஒரு ப்ராஜெக்ட் திற, ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் போடு, சாவிக் கோப்பை இறக்கு, இங்கே ஏற்று என்று இன்னொரு ஒன்பது படி. எல்லாம் செய்துவிட்டு, இந்த வசதி என்னதான் என்று கூகுளின் சொந்த விளக்கப் பக்கத்தைப் படித்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அந்த இண்டெக்ஸிங் ஏபிஐ இரண்டே வகைப் பக்கங்களுக்கு என்று அங்கே தெளிவாகப் போட்டிருக்கிறது. வேலைவாய்ப்பு அறிவிப்பு, நேரலை ஒளிபரப்பு. என் சித்தப்பாவின் டெபாசிட் இதில் எதில் சேரும்?

அதே பக்கத்தில் 'தேடுபொறிக்கு மணி அடி' என்று ஒரு பட்டன். சைட்மேப் மாறியதைச் சொல்லும் அந்த மணியைக் கூகுள் 2023 ஜூனில் கைவிடுவதாக அறிவித்து, அந்த வருஷக் கடைசிக்குள் நிறுத்திவிட்டது. மூடிய பிராஞ்சின் வாசலில் செக் பெட்டி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி, பட்டன் இன்னும் இருக்கிறது. அழுத்தினால் 'வெற்றி' என்கிறது. இன்னொரு பட்டன் இண்டெக்ஸ்நௌ. இது உண்மையான சங்கதி. 2021 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் பிங்கும் யாண்டெக்ஸும் சேர்ந்து ஆரம்பித்தது, ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் கூகுள் அதில் சேரவில்லை என்பதைப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம் அல்லவா?

கடைசியில் என்னதான் வியாதி? கேட்டால் அடிக்க வருவீர்கள். வேர்ட்பிரஸ்ஸில் அமைப்புகளுக்குள் 'வாசிப்பு' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதன் அடியில் ஒரு சின்னக் கட்டம். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் கட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் சொந்த டொமைன் வாங்கித் தளத்தை அமைத்தபோது, அரைகுறையாக இருப்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நானே டிக் போட்டேன். எடுக்க மறந்துவிட்டேன். இந்த டிக் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'சேர்க்காதே' என்று ஒரு சீட்டு ஒட்டப்படும். வேர்ட்பிரஸ்ஸின் சொந்த ஜாபிதாவும் வராது. அதுவே ஒரு தடயம். அதையும் ப்ளக்இன் தன் ஜாபிதாவைப் போட்டு மூடியிருந்தது.

தப்பு என்னுடையது. நூறு தரம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேளுங்கள். இதைச் சொல்லத்தானே அந்த ப்ளக்இன்? சொல்லவும் செய்திருக்கிறது! அறிக்கையில் 27 குறைகள். 23ஆவது வரி இது. அதற்கு மேலே 'படத்துக்கு விளக்கம் இல்லை', 'லோகோ இல்லை', 'சமூக வலைத்தள முகவரி இல்லை', 'பிரீமியம் பதிப்பு இல்லை'. எல்லாம் ஒரே சிவப்பு. ஒரு ஆடிட்டர், பேனா மூடி காணோம் என்பதையும் கஜானாவே காணோம் என்பதையும் ஒரே வரிசையில், ஒரே மசியில், பேனா மூடியை முதலில் போட்டு எழுதினால் அந்த ரிப்போர்ட்டை யார் ஒத்துக்கொள்வார்கள்? இதை நான் கவனக்குறைவு என்று நினைக்கவில்லை. 23ஆவது வரியைச் சரிசெய்ய ஒரு கிளிக், இலவசம். அது முதல் வரியில் இருந்தால் நான் முதல் நாளே குணமாகி வீட்டுக்குப் போயிருப்பேன். மற்ற 26ம் இருந்தால்தான் பயம் வரும், பயம் வந்தால்தான் பிரீமியம் விற்கும்.

'ஓசியில் கொடுப்பதைப் போட்டுவிட்டுக் குறை சொல்கிறாயே' என்று ஒரு நண்பர் திட்டினார். நியாயமான கேள்வி. இலவச மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன். இகலப்பை இல்லாவிட்டால் நானெல்லாம் தமிழில் தட்டியே இருக்க மாட்டேன். அது யாருக்கும் சிவப்பு விளக்குக் காட்டவில்லை, இன்னும் கொஞ்சம் கட்டு என்று கேட்கவில்லை. இலவசமாகக் கொடுப்பது வேறு. இலவசமாகப் பயத்தைக் கொடுத்து மருந்தை விற்பது வேறு.

இன்னொருவர், 'தேடுபொறி தனியார் கடை, உன்னைச் சேர்க்க வேண்டும் என்று சட்டமா?' என்றார். சட்டம் இல்லை. விதிகளை எல்லாம் பின்பற்றினாலும் சேர்ப்போம் என்று உத்தரவாதம் தர மாட்டோம் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அது நேர்மை. அந்த உத்தரவாதத்தை, அதைத் தர அதிகாரமே இல்லாத மூன்றாவது ஆள் விற்கிறானே, அதுதான் என் சண்டை. என் சித்தி பையனிடம் 2,500 கேட்டவனும் இதைத்தான் செய்தான். இலவசமாகத் திறந்து கிடக்கிற கதவுக்குச் சாவி விற்றான்.

டிக்கை எடுத்து ஆறு வாரத்தில் 212ல் 131 பதிவுகள் பட்டியலில் ஏறின. மிச்சத்துக்கு 'வந்து பார்த்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை' என்கிற மாதிரி பதில். காரணம் கிடையாது. கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்லச் சொல்லி 2003லேயே எங்களுக்கு ரிசர்வ் பேங்க் நேர்மை விதிகள் போட்டது. சின்னக் கடன்காரருக்குக்கூட அந்த மரியாதை உண்டு. ஒரு மொழியில் எழுதியதை மக்கள் கண்ணில் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்களுக்கு அந்தக் கடமை இல்லை. இது வேண்டும் என்று நாம் கேட்க வேண்டாமா?

டெபாசிட் பதிவும் அந்த மிச்சத்தில்தான் இருந்தது. பழைய பதிவுலக நண்பர் ஒருவர், சேலத்துக்காரர், விஷயம் கேள்விப்பட்டுத் தன் தளத்தில் அதற்கு ஒரு சுட்டி கொடுத்தார். எட்டு நாளில் ஏறிவிட்டது. சுட்டிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தேடுபொறி புதுப் பக்கங்களைக் கண்டுபிடிக்கிற முக்கிய வழியே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் சுட்டிகள்தான். பக்கத்துப் பட்டையில் நாம் பாட்டுக்குப் போட்டு வைத்திருந்தோமே, அதுதான் பெரிய இண்டெக்ஸிங் ப்ளக்இன். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இப்போது டாலரில் பணம் கட்டுகிறோம்.

ஆகவே மக்களே, என் அனுபவத்தில் செய்ய வேண்டியது மூன்றே. ஒன்று, அந்த 'வாசிப்பு' பக்கத்தில் டிக் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இரண்டு, வேர்ட்பிரஸ் தரும் சைட்மேப் முகவரியை சர்ச் கன்சோலிலும் பிங்கின் தளத்திலும் ஒருதரம் கொடுத்துவிட்டு, திறக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மூன்று, தமிழில் நல்லதாக எழுதும் ஐந்து பேருக்கு உங்கள் தளத்தில் சுட்டி கொடுங்கள். மார்க் போடும் விளக்கை அணைத்துவிடுங்கள். அது சிவப்பாக இருப்பதற்காக ஒரு வேற்றுமை உருபைக்கூட வெட்டாதீர்கள்.

சித்தி பையன் இணைத்துக்கொண்ட பேங்க்கின் கோவில்பட்டி கிளைக்கு ரசீதையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போனான். நாமினியாக சித்தி பெயர் இருந்தது. போன வாரம் பணம் சித்தி கணக்கில் ஏறியது. சித்தி போனில் சொன்னது: "நீ எழுதி வச்சது நல்லதுய்யா. ஆனா எங்க எழுதி வச்சன்னு சொல்லிருக்கலாம்ல?"

அதைச் சொல்லத்தான் சித்தி மூணு மாசமாக முட்டிக்கொண்டிருந்தேன்.

டிஸ்கி: பிரீமியம் கட்டிய பணம் திரும்பி வரவில்லை. 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று மட்டும் மெயில் வந்தது. வேண்டாம் சாமி.